ஜன்னல் திறப்பு, முதல் கட்டம்

என் கணவர் கேட்டதெல்லாம் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லித்தான். அது ஒரு திட்டம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்களுக்கு அந்த அளவுக்கு விவரம் போதாது.

நுரையீரல் பிரிவில் கடைசிக் கட்டில் அவருடையது. சுவரிலிருந்து ஆக்சிஜன் குழாய் ஒன்று இறங்கி வந்து அவர் மூக்கில் முடிந்தது. கட்டிலை ஒட்டிப் பெரிய ஜன்னல். அதன் விளிம்பைச் சுற்றி ஏதோ வெள்ளைப் பசையைப் பூசி இறுக்கி, மூலைக்கு மூலை திருகாணி அடித்திருந்தார்கள். கண்ணாடி வழியாக மெயின் ரோட்டின் வளைவு தெரியும். பஸ்கள் அங்கே வேகம் குறைந்து திரும்பும். வேலைக்காலம் முழுக்க பஸ் ஓட்டியவர் அவர். மழை பெய்தாலும் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட மாட்டார். அதனால் வலது கை இடது கையைவிட ஒரு படி கறுப்பு. படுத்தபடியே அந்த வளைவில் திரும்புகிற ஒவ்வொரு ஓட்டுநருக்கும் மார்க் போட்டுக்கொண்டிருப்பார்.

"கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே திரும்புறான் பாரு. இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?"

"பேசாம படுங்க. மூச்சு வாங்குது."

"மூச்சு வாங்கத்தான வந்திருக்கோம். வாங்கிட்டுப் போறேன்."

நான் பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். எந்த வண்டி எந்த நடைமேடையில், எது தாமதம், எது ரத்து என்று மைக்கில் சொல்வது என் வேலை. எதைச் சொன்னாலும் ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்று சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் என்னை "மைக்கு" என்றுதான் கூப்பிடுவார்.

"மைக்கு, அந்த ஜன்னலத் தெறக்கச் சொல்லேன்."

"ஃபேன் ஓடுதுல்ல."

"அது உள்ள இருக்கற காத்தையே திருப்பித் திருப்பிக் குடுக்குது. யாரு யாரு விட்ட மூச்சோ. வெளிய இருந்து ஒரு வாட்டி மூஞ்சில வந்து அடிச்சாப் போதும்."

டாக்டரைக் கேட்டேன். தாராளமாகத் திறக்கலாம், காற்று கெடுதல் செய்யும் கட்டத்தையெல்லாம் அவர் தாண்டியாயிற்று என்று வராந்தாவில் வைத்து மெதுவாகச் சொன்னார். அப்படியானால் ஒரு நாள் வெளியே கூட்டிக்கொண்டு போகலாமா என்றதற்கு மட்டும் தலையை ஆட்டினார். சுவர்க் குழாயிலிருந்து பிரிக்க முடியாதாம். ஆக, என் கணவருக்கு இனி இந்த உலகத்தில் கிடைக்கக்கூடியது ஒன்றுதான் மீதி இருந்தது. அதுவும் அவர் கைக்கெட்டும் தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது.

நர்ஸிடம் போனேன். சின்னப் பெண். முகத்தில் எப்போதும் தூக்கம் இருக்கும்.

"அக்கா, இங்க யாரும் எதையும் நேரா செஞ்சிட முடியாது. திட்டப் பிரிவுக்குப் போகணும். அந்தக் கோடியில பல்பு ஃப்யூஸ் போனதுக்கே 'ஒளி மீட்பு'ன்னு பேரு வச்சுக் கூட்டம் கூட்டமாப் போட்டாங்க."

"பல்பு மாத்தினாங்களா?"

"அந்தத் திட்டம் ரொம்ப வெற்றிங்கக்கா," என்றாள். பல்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திட்டப் பிரிவு மேல்மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்திலேயே மருந்து வாசனை ஏறாத இடம் அது. திட்டத் தலைவர் என்னை மரியாதையாக உட்காரச் சொன்னார். பேசும்போது நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். எங்கும் போகிறவராகத் தெரியவில்லை. நான் கீழே வார்டுக்குப் போய் நடித்துக் காட்டியதும் என் கணவர் அவருக்கு "டைம்கீப்பர்" என்று பேர் வைத்துவிட்டார்.

"ஜன்னலத் திறக்கணும். அவ்வளவுதானா?" என்றார் டைம்கீப்பர்.

"அவ்வளவுதாங்க."

"அவ்வளவுதான்னு சொல்றீங்க பாருங்க, எல்லாத் திட்டமும் அங்கதான் தோத்துப்போகுது. அம்மா, தேவைங்கறது ஒண்ணு. தேவையோட வரையறைங்கறது இன்னொண்ணு. ஜனங்க தேவைய மட்டும் கையில புடிச்சுக்கிட்டு வந்துடறாங்க. எவ்வளவு திறந்தா அது திறப்பு? பாதி திறந்தா? காத்தே இல்லாத நாள்ல திறந்தா அதை என்னன்னு எடுத்துக்கறது? இதையெல்லாம் முடிவு பண்ணாம ஒரு திருகாணியத் தொட்டாக்கூட அது நிர்வாகம் இல்ல. அது வெறும் வேலை."

வெறும் வேலை என்று சொல்லும்போது, மேசை மேல் எதையோ சிந்திவிட்டவர்போல் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

தொடக்கக் கூட்டம் நடந்தது. திட்டத்துக்கு 'உயிர்க்காற்று' என்று பேர். என் கழுத்தில் 'முதன்மைப் பயனாளியின் பிரதிநிதி' என்று அட்டை மாட்டினார்கள். ஆலோசகர் அம்மாள் ஒருவர் எல்லோருக்கும் கலர் கலராக ஒட்டுச்சீட்டுகளைக் கொடுத்து, திட்டத்திடம் எதிர்பார்ப்பதை ஒரே சொல்லில் எழுதச் சொன்னார். 'ஒருங்கிணைப்பு' என்று எழுதினார்கள், 'உத்வேகம்' என்று எழுதினார்கள். நான் 'காற்று' என்று எழுதினேன். ஆலோசகர் அதைப் பரிவோடு படித்துவிட்டு, "இது கொஞ்சம் பொதுவா இருக்கு, பின்னாடி பார்க்கலாம்" என்று ஓரத்தில் ஒட்டினார்.

இதைச் சொல்லவும் வேண்டும்: அன்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை படித்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து என் கணவர் முகத்தில் காற்று படுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். டீயெல்லாம் கொடுத்தார்கள். மனுஷனுக்குத் தன் கஷ்டத்தை யாராவது எழுதிக்கொண்டாலே பாதி தீர்ந்த மாதிரி இருக்கிறது. அந்த 'மாதிரி'யில்தான் இந்த இடங்களெல்லாம் நிற்கின்றன என்று தோன்ற எனக்கு நாளாயிற்று.

அடுத்த கூட்டத்துக்கு இன்னொரு அதிகாரி வந்தார். அந்த ஜன்னலை மூடியவர் அவர். 'தூசியில்லா நாளை' என்று அதுவும் ஒரு திட்டம்தான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூடினதுக்குத்தான் எங்களுக்குக் கேடயம் குடுத்தாங்க. கேடயத்தையும் குடுத்துட்டு ஜன்னலையும் திறன்னா என்னங்க நியாயம்? அதுவும் எங்க திட்டம் இன்னும் முடியல. மூடினதால என்ன நன்மைன்னு ஆய்வு நடந்துக்கிட்டிருக்கு."

"யார ஆய்வு பண்றீங்க?" என்று கேட்டேன்.

"உங்க வார்டுலதாம்மா. உங்க வீட்டுக்காரர்கூட அதுல இருக்கார். ரொம்ப நல்ல தரவு."

இரண்டு திட்டங்களும் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜன்னல் மூடிய நிலையில் இருந்துகொண்டே திறப்பை நோக்கி நகரும். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். மூடியவர் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார்.

பிறகு வெளிப்படைத்தன்மை வந்தது. திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பயனாளிக்கு எந்நேரமும் தெரிய வேண்டும். அதற்குக் கால அட்டவணையை ஒரு பெரிய பலகையில் எழுதி அவர் கண்ணெதிரே மாட்ட வேண்டும். அவர் பார்க்கிற பக்கம் சுவர் இல்லை, ஜன்னல்தான் இருந்தது. திருகாணிகளும் அங்கே தயாராக இருந்தன. நான் மதிய ஷிப்ட் முடித்து வருவதற்குள் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவர் தூங்கி விழித்து, அந்தப் பக்கம் திரும்பினார்.

"மைக்கு, ரோடு எங்க?"

"பலகை மாட்டியிருக்காங்க. ஜன்னலத் திறக்கறதுக்குத்தான்."

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாகக் கோடுகள் இருந்தன. கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வாழ்நாளெல்லாம் கால அட்டவணையைப் பார்த்து வண்டி எடுத்தவர்; அவருக்கு இது புரியும் என்று நினைத்தேன்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

தேடிப் பார்த்துக் காட்டினேன். கீழே, வலது மூலையில், எல்லாப் பட்டைகளும் முடிந்த பிறகு மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு. 'பயனாளி பயன்பெறுதல்.'

"கடைசி ஸ்டாப்பா," என்றார். "பரவால்ல. சீட்டு இருக்குல்ல."

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் மார்க் போடவில்லை. சில சமயம் பலகைக்குப் பின்னாலிருந்து பஸ் திரும்புகிற சத்தம் மங்கலாகக் கேட்கும். காதைக் கொடுத்துக் கேட்பார். பிறகு அதையும் விட்டுவிட்டார். மூச்சு விடுவதே அவருக்கு முழுநேர வேலையாகிக்கொண்டிருந்தது.

இடர் ஆய்வுக் கூட்டத்துக்கு என்னைக் கட்டாயம் வரச் சொன்னார்கள். திட்டத்துக்கு என்னென்ன தடங்கல் வரலாம் என்று முன்கூட்டியே யோசிப்பதாம். டைம்கீப்பர் ஒவ்வொன்றாகப் படித்தார். திருகாணி துருப்பிடித்திருத்தல்: வாய்ப்பு நடுத்தரம், பாதிப்பு அதிகம். மழை: வாய்ப்பு நடுத்தரம், பாதிப்பு அதிகம். தலைமை இயக்குநர் விழா அன்று ஊரில் இல்லாமல் போதல்: வாய்ப்பு குறைவு, பாதிப்பு மிக அதிகம்.

"பணி முடியும் முன் முதன்மைப் பயனாளி இறந்துபோதல்," என்று அதே குரலில் படித்தார். அறிவிப்புக்கு நல்ல குரல் அவருக்கு. "வாய்ப்பு அதிகம். பாதிப்பு குறைவு."

யாரோ டீ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பாதிப்பு குறைவுங்களா?" என்றேன்.

"திட்டத்துக்கும்மா," என்றார் அவசரமாக. கெட்டவர் இல்லை, முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு இல்ல. கட்டில்ல வேற பயனாளி வந்துடுவாங்கல்ல, அதனால திட்டம் நிக்காதுன்னு உங்களுக்குத் தைரியம் சொல்றதுக்காகத்தான் இதச் சேர்த்தோம்."

நான் தைரியமாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்தது மாதிரி ஜன்னல். நேரடியாகத் திறப்பதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டுமாம். கூட்ட அறையின் நடுவே காலூன்றி நிற்கிற மாதிரி ஒரு ஜன்னலைச் செய்து நிறுத்தியிருந்தார்கள். தேக்கு. கொக்கியெல்லாம் பித்தளை. என்னை இந்தப் பக்கம் நிறுத்தித் திறக்கச் சொன்னார்கள். வெண்ணெய்போல் திறந்தது. அந்தப் பக்கம் டைம்கீப்பர் நின்றுகொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா திறக்குதுங்க."

"காத்து வருதா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே ஆவலோடு கேட்டார். ஆலோசகர் அம்மாள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். நான் இல்லை என்று சொன்னால் இன்னொரு ஒத்திகை வைப்பார்கள்.

"வருதுங்க," என்றேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை என் கணவருடைய பழைய ஸ்க்ரூடிரைவரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பார்வையாளர் நேரம் தொடங்கியதும் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். பலகையின் மேல் மூலைத் திருகாணி பாதி வந்துவிட்டது. பின்னாலிருந்து என் கையைப் பிடித்தாள் நர்ஸ்.

"அக்கா, வேணாம். எனக்கு முன்னாடி இங்க இருந்த பொண்ண எதுக்கு அனுப்பினாங்க தெரியுமா? யாரோ ஒரு அம்மா திரைச்சீலைய மாத்திக் கட்டினாங்க, அதுக்கு. நீங்க போயிடுவீங்க. டூட்டில இருக்கறது நான்தான். ரெண்டு குழந்தைங்கக்கா எனக்கு."

"ஒரு நிமிஷம்மா. ஒரே ஒரு நிமிஷம் திறந்துட்டு மூடிடறேன்."

"மைக்கு," என்றார் கட்டிலிலிருந்து. "எறங்கு. அந்தப் பொண்ணுதான் தெனமும் எனக்கு முதுகு தொடச்சு விடுது."

இறங்கினேன். அன்று என்னைத் தடுத்தது திட்டப் பிரிவாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன். தடுத்தது ஒரு நல்ல பெண். கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் வீடு வரை சுமந்துகொண்டு போய், ஒரு பாத்திரம் விடாமல் தேய்த்தேன்.

திறப்பு விழா அன்று காலை நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது. "பயப்படாதீங்கக்கா, இருக்கார்," என்று நர்ஸ் ஓடிவந்தாள். பணியிடப் பாதுகாப்பாம். வேலை நடக்கும்போது பயனாளிகள் யாரும் பணியிடத்தில் இருக்கக் கூடாது. வராந்தாவின் அந்தக் கோடியில், படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறைக்கு அவரை மாற்றியிருந்தார்கள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. சலவைத் துணி அடுக்குகளுக்கு நடுவே, சக்கரம் வைத்த ஒரு சின்ன சிலிண்டரோடு கிடந்தார்.

சக்கரம் வைத்த சிலிண்டர்.

வார்டு வாசலில் சீரியல் பல்பு கட்டுவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்த டைம்கீப்பரிடம் போய் நின்றேன்.

"அவர சுவர்க் குழாயில இருந்து பிரிக்க முடியாதுன்னு சொன்னாங்களே."

"சிகிச்சையில இருக்கறவங்கள நகர்த்த முடியாதும்மா. ஆனா பணிக்காக நகர்த்தலாம். அதுக்குன்னு தனி அனுமதி இருக்கு."

"அப்போ இதே சிலிண்டரோட அவர வெளிய கூட்டிட்டுப் போயிருக்கலாமா? ரோட்டுக்கு வேணாம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். அந்த மரத்தடி வரைக்கும்."

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

"போயிருக்கலாம்," என்றார். "முதல் நாளே போயிருக்கலாம். ஆனா நீங்க ஜன்னல்தானம்மா கேட்டீங்க?"

நான் ஜன்னல்தான் கேட்டேன். இன்றுவரை அந்தப் பதிலில் ஒரு பிழையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பி ஓடினேன். இப்போதே வெளியே தள்ளிக்கொண்டு போகலாம் என்றேன். நர்ஸ் அவர் நகங்களைக் காட்டினாள். நீலம் பாரித்திருந்தன. "இந்த நிலைமையில படிக்கட்டெல்லாம் எறக்க முடியாதுக்கா. விழா முடிஞ்சதும் இவர ஜன்னல்கிட்டயே கொண்டுபோயிடலாம். கொஞ்ச நேரம்தான்."

அவருக்குக் கேட்டிருக்கிறது. கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

"நீ போ. நீ போய் நின்னாத்தான் டைம்கீப்பர் திறப்பான்."

உண்மைதான். பயனாளி தரப்பு இல்லாமல் திறப்பு செல்லாது என்று முந்தின நாளே எச்சரித்திருந்தார்கள். ஊழியர்களுக்கும் வருகை கட்டாயம். நர்ஸ் சிலிண்டரின் குமிழைச் சரிபார்த்தாள், போர்வையை இழுத்துவிட்டாள். இரண்டு பேருமாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனோம்.

இயக்குநர் வரத் தாமதமானது. வந்த பிறகு வரவேற்புரை, திட்ட விளக்கவுரை, மூடியவருக்கு ஒரு பாராட்டு. நான் முன்வரிசையில் அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டைம்கீப்பர் பேசினார்.

"இன்னிக்கு நாம ஒரு ஜன்னலத் திறக்கிறோம். திறக்கறது பெரிய விஷயம் இல்ல. ஜன்னல யார் வேணும்னாலும் திறக்கலாம். ஆனா ஒரு ஜன்னல இவ்வளவு காலம் திறக்காம, இடையில யாரும் அவசரப்பட்டுத் திறந்துடாமப் பாத்துக்கிட்டு, ஒரு தவறும் இல்லாம இந்த மேடை வரைக்கும் கொண்டு வர்றதுக்கு ஒரு நிர்வாகம் வேணும். அந்த நிர்வாகம் நம்மகிட்ட இருக்கு."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன், முடித்தால் போதும் என்றிருந்தது.

தச்சர் ஒருவரை விட்டுப் பலகையைக் கழற்றினார்கள். பசையைச் சுரண்டினார்கள். இயக்குநர் கதவைத் தள்ளினார், அது திறந்தது.

காற்று வந்தது. நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய காற்று. எங்கோ மழை பெய்த ஈரமும் டீசல் வாசனையும் அதில் இருந்தன. மேசை மேலிருந்த காகிதங்கள் பறந்தன. வளைவில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டு ஜன்னலோரம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள்.

படம் எடுத்து முடித்ததும், "சாத்திடலாம்" என்றார் டைம்கீப்பர்.

"எதுக்குங்க? அவரக் கொண்டு வர்றோமே."

"திறக்கறதுதாம்மா எங்க திட்டம். முடிச்சாச்சு. திறந்தே வச்சிருக்கறது பராமரிப்புப் பிரிவோட வேலை. முறைப்படி அவங்ககிட்ட ஒப்படைக்கற வரைக்கும் பழையபடி மூடித்தான் இருக்கணும். அது ரெண்டாம் கட்டம்."

தச்சர் இடது கதவைச் சாத்திவிட்டார். வலது கதவுக்குக் கை போவதற்குள் நான் என் கையை வெளியே நீட்டினேன். தோள் வரைக்கும் நீட்டினேன். விரல்களை விரித்துப் பிடித்தேன். உள்ளங்கை ஜில்லென்று ஆகிற வரைக்கும், பின்னால் யார் என்ன சொன்னாலும் எடுக்கவில்லை. பிறகு விரல்களை மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

வாசலில் ஆலோசகர் அம்மாள் மறித்தார். "ஒரே ஒரு கையெழுத்தும்மா. பயன்பெற்றதுக்கு."

வலது கையைத் திறக்காமல், பேனாவை இடது கையில் வாங்கிக் கிறுக்கினேன்.

"என்னம்மா கோணலா இருக்கு?"

"விடுங்க," என்றார் பின்னாலேயே வந்த டைம்கீப்பர் பெருந்தன்மையாக. "பயனாளிங்க கையெழுத்து அப்படித்தான் இருக்கும்."

நான் ஓடினேன். வராந்தா அவ்வளவு நீளம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. மூடிய கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தால் சூடு ஏறிவிடும் என்று விலக்கிப் பிடித்துக்கொண்டே ஓடினேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். கதவைத் தோளால் தள்ளினேன். துணி அடுக்குகளுக்கு நடுவே சிலிண்டர் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது.

"திறந்துட்டாங்க," என்றேன். "பாருங்க, வெளிக்காத்து. நல்ல காத்துங்க."

விரல்களைத் திறந்து, உள்ளங்கையை அவர் கன்னத்தில் வைத்தேன்.

அவர் கன்னம் என் கையைவிடக் குளிர்ந்திருந்தது.